வெடித்த குழாயும் கசிந்த குழாயும்

இங்கே இங்கிலாந்தில் குளிர் தொடங்கினால் நம் குடும்பங்களில் ஒரு பேச்சு அடிபட ஆரம்பித்துவிடும். பாய்லரில் பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது, தரைக்கடியில் ஹீட்டிங் குழாய் எங்கேயோ கசிகிறது, இன்சூரன்ஸ் தருமா? பெரும்பாலான பாலிசிகளில் இதற்கு 'எஸ்கேப் ஆஃப் வாட்டர்' என்று தனிப்பகுதியே உண்டு. கசியும் இடத்தைத் தேடித் தரையை உடைத்துப் பூசும் செலவுக்கு 'டிரேஸ் அண்ட் ஆக்ஸஸ்'. பழுதான குழாய்க்கான செலவு மட்டும் பெரும்பாலும் நம் தலையில். ரொம்ப நாளாகக் கசிந்தது என்று தெரிந்தாலோ கையை விரித்துவிடுவார்கள்.

"சரி, ஊரில் கட்டிய வீட்டுக்கு?" என்று கேட்கிறார்கள் நண்பர்கள். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், அதோடு பேங்க்காரன். கொஞ்சம் பழங்கதையோடு சொல்கிறேன்.

வீட்டு இன்சூரன்ஸ் பிறந்தது தண்ணீரால் அல்ல, தீயால். 1666இல் லண்டன் எரிந்தது. 1680களில் நிக்கோலஸ் பார்போன் வீடுகளுக்குத் தீக்காப்பு விற்க ஆரம்பித்தார். நம் நாட்டில் 1850இல் கல்கத்தாவில் டிரைட்டன் கம்பெனி வந்தது. 1973இல் 107 நிறுவனங்களைச் சேர்த்து நான்கு அரசுக் கம்பெனிகள் ஆக்கினார்கள், அதில் யுனைடெட் இந்தியா நம் சென்னையில். அப்போதும் ஏஜெண்ட் ரைஸ் மில்லுக்கும் பஞ்சு குடோனுக்கும் போவாரே தவிர, வீட்டுப் படி ஏறமாட்டார். வீட்டுக்கு என்று எடுத்தாலும் அதற்கு 'ஃபயர் பாலிசி' என்றுதான் பெயர்.

2001இல் வந்த அகில இந்திய ஃபயர் டாரிஃபை எடுத்துப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியும் குழாயும் 'வெடித்தால் அல்லது நிரம்பி வழிந்தால்' பணம் உண்டு. 'கசிவு' என்ற வார்த்தையும் ஓரிடத்தில் வருகிறது, ஆனால் அது ஆட்டோமேடிக் ஸ்பிரிங்க்ளருக்கு! ஆபீஸ் கூரையில் தீயணைக்க வைத்த குழாய்க்கு இருக்கும் மரியாதை நம் பாத்ரூம் சுவருக்கு இல்லை :-) 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா கம்பெனிகளும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா'விலும் இதே கணக்குதான். திடீரென்று நடந்தால் விபத்து, மெதுவாக நடந்தால் பராமரிப்புக் குறை.

பட்டியலில் வெள்ளமும் நிலச்சரிவும் இருக்கின்றன. இடுக்கிப் பக்கம் அதுதான் பெரிய பயம். 1924 வெள்ளம் (கொல்லம் ஆண்டு 1099, அதனால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்') மூணாறின் குண்டளை ரயிலையே அடித்துக்கொண்டு போனது. 2018 ஆகஸ்டை நாமெல்லாம் டிவியில் பார்த்தோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள், கயத்தாறு பக்கத்து வேர்.

அவர்களில் யாராவது பிரீமியம் கட்டத் தயாராக இருந்திருந்தாலும் கட்டடத்துக்கு பாலிசி எடுத்திருக்க முடியாது. லயம் கம்பெனியுடையது. கட்டடத்தில் உரிமை உள்ளவர்தான் கட்டடத்தை இன்சூர் செய்யலாம். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த வீடாக இருந்தாலும், உள்ளே இருக்கும் கட்டில், பீரோ, பாத்திரம் மட்டும்தான் தொழிலாளியின் கணக்கு. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981இல் ஒரு திருத்தம் செய்தார்கள்: முதலாளி கொடுத்த வீடு இடிந்து ஆள் செத்தால் அவர் நஷ்டஈடு தரவேண்டும். நல்ல திருத்தம். ஆனால் இயற்கைச் சீற்றத்தால் இடிந்தால் பொறுப்பில்லை என்றும் அதிலேயே எழுதிவிட்டார்கள். மழை நாட்டில் வீடு வேறு எதனால் இடியும்?

சொந்த வீடு உள்ள நமக்கு ஒரு விஷயம். ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போகிறோம். பழைய டாரிஃப் பாலிசியில், முன்கூட்டியே கம்பெனியின் சம்மதத்தை எழுதி வாங்காமல் வீடு 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு நின்றுவிடும். இங்கத்திய பாலிசிகளிலும் 30 அல்லது 60 நாள் என்று ஒரு கெடு இருக்கும், அதன் பிறகு முதலில் வெட்டுவது தண்ணீர்ப் பகுதியைத்தான். ஹோம் லோன் இருந்தால் பாலிசி பேங்க் கையில் இருக்கும். ஒரு காப்பி கேட்டு வாங்கி, ஆளில்லா வீடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் அந்த வரியைப் படியுங்கள். கிளம்பும்போது மேல்தொட்டி வால்வை மூடச் சொல்லி பக்கத்து வீட்டு அண்ணனிடம் சாவியையும் கொடுத்துவிடுங்கள்.