லயம்

கண்டி நகரில் ‘லைன்’ என்றால் தொலைபேசி இணைப்பு, மின்கம்பி. 1867இல் வந்துசேர்ந்த ரயில் பாதையும்கூட. அதே ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரப் பக்கம் ஏறினால் அந்தச் சொல் ‘லயம்’ ஆகிவிடும்: ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவர் ஒட்டிய, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அறைகளின் வரிசை. சங்கீத லயத்துக்கும் குதிரை லாயத்துக்கும் இதனோடு உறவில்லை. அந்த அறைகளைப் பார்த்தவருக்கு லாயம் நினைவு வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

‘லைன்’ என்ற சொல்லின் வேர், ஆளிநாரைக் குறித்த லத்தீன் சொல். நார் நூலாகி, நூல் கோடாகி, கோடு வரிசையானது. லயத்து அறைக்குப் பெயர் ‘காம்பரா’; அது போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த சொல். கொழுந்து பறிப்பவர்கள் பிடிக்கும் தேயிலைச் செடி வரிசை மட்டும் இன்றும் தமிழ்ச் சொல்லான ‘நிரை’தான், பேச்சில் ‘நெர’.