வட்டுக்கோட்டையில் மூடப்பட்ட கல்லூரி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் யார் தெரியுமா? 1857-ல் தேறிய இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்: கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் முன்பு படித்தது வட்டுக்கோட்டை செமினரியில். 1823-ல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கியது. முதல் தலைவர் டேனியல் பூவர். பெயர்தான் செமினரி. வேதாகமத்தோடு தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவர்கள் பட்டம் வாங்கியபோது அந்த செமினரியே இல்லை! 1855-ல் மிஷனே மூடிவிட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது முக்கியக் குறை. நன்றாகச் சொல்லிக்கொடுத்ததே குற்றமாகிவிட்டது போல!

ஊர்க்காரர்கள் விடவில்லை. 1872-ல் அங்கேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. தாமோதரம்பிள்ளையோ பின்னாளில் சைவராகி, ஏட்டில் கிடந்த கலித்தொகையை 1887-ல் அச்சேற்றினார்.