இந்தியன் ஓஷன்: பிற்கால இசைத்தொகுப்புகள்

இந்தியன் ஓஷன், 1990-இல் தில்லியில் கித்தார் கலைஞர் சுஸ்மித் சென்னும், தபேலா வாசித்தபடியே பாடும் அபூர்வ வன்மை படைத்த அசீம் சக்கரவர்த்தியும் தோற்றுவித்த இசைக்குழு. ராக் இசையின் நீண்ட வாத்திய விஸ்தாரத்தோடு ஹிந்துஸ்தானி ராகச் சாயலையும் நாட்டுப்பாடல்களையும் இணைத்த இக்குழுவுக்குப் பெருங்கீர்த்தி தந்தது ‘கண்டிசா’ (2000) என்பர். ஆயினும் பிற்காலத் தொகுப்புகளை அதன் நிழலாகக் கருதுவது நியாயமன்று.

2009 டிசம்பரில் அசீம் காலமானார். அவர் குரல் ஒலிக்கும் ‘16/330 கஜூர் ரோடு’, கரோல்பாகில் குழுவினர் நெடுங்காலம் பயிற்சி செய்த பழைய வீட்டின் முகவரியையே பெயராகத் தாங்கி, 2010-இலிருந்து மாதத்திற்கு ஒரு பாடலாக இணையத்தில் விலையின்றி வழங்கப்பட்டது.

சுஸ்மித் 2013-இல் விலக, நிகில் ராவ் கித்தார் ஏந்தினார். அடுத்து வந்த ‘தந்தானு’வில் (2014) சங்கர் மகாதேவன், சுபா முத்கல், விஸ்வமோகன் பட், கஞ்சிரா வித்வான் செல்வகணேஷ் முதலியோர் விருந்தினராகப் பங்கேற்றனர். பழவேற்காட்டு மீனவர் வலையிழுக்கையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றோர் ஏற்றுப்பாடும் அம்பாப் பாட்டைப்போல, இங்கும் குரல்கள் ஒன்றையொன்று தாங்கிச் செல்கின்றன. பழைய தியானகதி குறைந்து தாளத்தின் வேகம் மிகுந்திருப்பது உண்மையே. அந்த மாறுதலைக் குறையெனக் கொள்வதற்கில்லை.

ஒன்பதாண்டுகளுக்குப் பின் வெளிவந்தது ‘தூ ஹை’ (2023). நருமதை அணைப் போராட்டத்தில் பங்குகொண்டவரும், சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவருமான பாஸ் கித்தார் கலைஞர் ராகுல் ராம், ஹிமான்ஷு ஜோஷியோடு இதில் பாடியுள்ளார். தபேலா துஹீன் சக்கரவர்த்தி, டிரம்ஸ் அமித் கிலாம்.