கரோனரி ஆஞ்சியோகிராம்

கரோனரி ஆஞ்சியோகிராம் என்பது இதயத் தசைக்குக் குருதி வழங்கும் தமனிகளுக்குள் எக்ஸ்-கதிரைத் தடுக்கும் நீர்மத்தைச் செலுத்திப் படமெடுக்கும் சோதனை ஆகும். கொழுப்புப் படிவுகளால் இத்தமனிகள் எங்கு, எவ்வளவு குறுகியுள்ளன என்பதை இது காட்டுகின்றது. குறுகிய இடத்தைத் திறக்க வேண்டுமா என்பதற்கு இச்சோதனை மட்டும் விடை தருவதில்லை.

வரலாறு

இதயத் தமனிக்குள் இந்நீர்மம் நேரடியாகச் சென்றால் இறப்பு நேரும் என்று 1950களில் கருதப்பட்டது. 1958 அக்டோபரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளியின் பெருந்தமனியைப் படமெடுக்க முற்பட்டபோது, குழாயின் நுனி வலது இதயத் தமனிக்குள் நழுவி, நீர்மம் அதற்குள் பாய்ந்தது. சில நொடிகள் இதயம் நின்றது. நோயாளியை இருமச் செய்ததும் மீண்டும் துடித்தது. தற்செயலான இந்நிகழ்வே இச்சோதனைக்கு வழி திறந்தது. அடைப்பின் இடத்தைக் காண முடிந்ததால், 1967 இல் அதே மருத்துவமனையில் ரெனே பவலோரோ காலின் சிரையைக் கொண்டு பைபாஸ் அறுவை செய்தார். 1977 இல் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூன் கொண்டு இதயத் தமனியை முதன்முதலாக விரித்தார்.

செய்முறை

மணிக்கட்டு அல்லது தொடை இடுக்குத் தமனியின் வழியாக மெல்லிய குழாய் செலுத்தப்படும். அவ்விடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடப்படும். நோயாளி விழித்தே இருப்பார். மருத்துவமனைகளில் 'டை' எனப்படும் அயோடின் நீர்மம் உண்மையில் சாயம் அன்று, நிறமற்றது. சிறுநீரகக் குறைபாடு உள்ளோருக்கு இதனால் தீங்கு நேரலாம் என்பதால் முன்கூட்டியே குருதிச் சோதனை செய்யப்படுகின்றது.

படத்தின் எல்லை

முப்பரிமாணக் குழாயின் நிழலே இப்படம். ஒரு கோணத்தில் அகலமாகத் தெரியும் இடம் மறு கோணத்தில் ஒடுங்கித் தெரியலாம். எனவே பல கோணங்களில் படமெடுப்பர். மேலும், இது குழாயின் உள்வழியை மட்டுமே காட்டும், சுவரைக் காட்டாது. சுவருக்குள் இருக்கும் படிவு வெடித்துக் குருதி உறைவதாலேயே பெரும்பாலான மாரடைப்புகள் நேர்கின்றன. அப்படிவு முன்பு குழாயைச் சிறிதளவே ஒடுக்கியிருக்கக்கூடும். நடுத்தரக் குறுக்கங்களில், அதற்கு முன்னும் பின்னும் உள்ள குருதி அழுத்தத்தை நுண்கம்பியால் அளப்பர். மருந்தால் குருதியோட்டத்தை உச்சப்படுத்தி அளக்கும்போது பின்புற அழுத்தம் முன்புறத்தின் 0.80 பங்கு அல்லது அதற்குக் கீழ் இருந்தால் குருதியோட்டம் தடைபடுவதாகக் கொள்வர்.

சிகிச்சை முடிவு

மாரடைப்பு நேர்ந்துகொண்டிருக்கும்போது தமனியை உடனே திறப்பது உயிர் காக்கும். 120 நிமிடங்களுக்குள் அதற்கு வழியில்லையெனில் உறைவைக் கரைக்கும் மருந்து செலுத்தப்படுகின்றது. நடக்கும்போது மட்டும் வந்து ஓய்வில் தணியும் நெஞ்சுவலியின் நிலை வேறு. 5,179 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2020 இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், மருந்துடன் ஸ்டென்ட் அல்லது பைபாஸும் செய்வதை முதல் வழியாகக் கொண்டதால், மருந்தை மட்டும் முதல் வழியாகக் கொண்டதைவிட இறப்பு குறையவில்லை. அடிக்கடி வலி இருந்தோருக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. இடது முதன்மைத் தமனியில் கடும் குறுக்கம் உள்ளோர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இம்முடிவு பொருந்தாது. ஸ்டென்ட் பொருத்தியவரும் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் முதலிய மருந்துகளைத் தொடர வேண்டும்; ஏனெனில் ஸ்டென்ட் ஓரிடத்தை மட்டுமே விரிக்கின்றது, நோயோ தமனிகள் முழுவதிலும் பரவியுள்ளது.