பெரியவர் வெளியே போன பிறகு

இளையோர் நாவல்களில் தலைமைப் பாணிகள் என்று ஆய்வுத் தலைப்பு எடுக்கும் மாணவர், முதல் அத்தியாயத்திலேயே மூன்று கட்டம் போட்டுவிடுவார். அதட்டி நடத்தும் தலைமை, கலந்து பேசி நடத்தும் தலைமை, எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டுவிடும் தலைமை. அப்புறம் நாவல்களிலிருந்து ஒவ்வொரு பாத்திரமாகப் பிடித்து வந்து உள்ளே உட்கார்த்த வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கட்டங்களைப் போடத் தொடங்கியவரும் ஒரு மாணவர்தான். அதையும் பத்து வயதுப் பிள்ளைகளை வைத்தே போட்டார்.

கர்ட் லெவின் ஜெர்மானிய யூதர்; உளவியலாளர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் குழந்தை நல ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். சர்வாதிகாரம் மனிதர்களை என்ன செய்கிறது என்ற கேள்வி அவருக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. அவரிடம் படிக்க வந்த ரொனால்ட் லிப்பிட், பள்ளி முடிந்த பிறகு கூடும் சிறுவர் மன்றங்களை அமைத்தார். காகிதக் கூழில் முகமூடி செய்வது போன்ற வேலைகள். ஒரு மன்றத்தில் தலைவர் சொன்னதுதான் சட்டம். இன்னொன்றில் எல்லாவற்றையும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள்.

அடுத்த கட்டத்தில் ரால்ஃப் ஒயிட் சேர்ந்துகொண்டார். ஜனநாயகத் தலைவராக இருக்க வேண்டிய அவர், பையன்களைக் கொஞ்சம் அதிகமாகவே அவர்கள் போக்கில் விட்டுவிட்டார். கூத்தும் கும்மாளமுமாக ஆனது. சோதனை கெட்டுவிட்டதென்று லெவின் ஒதுக்கவில்லை. இதுவே மூன்றாவது வகை என்று எடுத்துக்கொண்டார். இன்று மேலாண்மைப் பாடநூல்களில் கம்பீரமாக நிற்கும் அந்த மூன்றாம் கட்டம் இப்படித்தான் பிறந்தது.

சோதனையின் சூட்சுமம் ஒன்று உண்டு. நடுநடுவே தலைவர் வேண்டுமென்றே அறையை விட்டு வெளியே போவார். அதட்டல் தலைவர் வாசலைத் தாண்டியதுமே வேலை படுத்துவிடும். கலந்து பேசும் மன்றத்தில் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். 1939இல் வெளியான கட்டுரையின்படி, இருபது பையன்களில் 19 பேருக்கு ஜனநாயகத் தலைவரையே பிடித்திருந்தது. எஞ்சிய ஒருவன் ராணுவ அதிகாரியின் மகன்!

பெரியவர் வெளியே போனால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? அயோவாவுக்கு நூறாண்டுக்கு முன்பே இந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடங்கள் ஒரு விடை வைத்திருந்தன: பெரிய பையன் கையில் பிரம்பைக் கொடுத்துவிடுவது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையும் அப்படி வந்தவர்தான். சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தம் பள்ளிக்குக் கொண்டுபோனார். வாத்தியார்கள் முரண்டு பிடிக்கவே, எட்டு வயதுப் பையன் ஒருவனை அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பலர் இந்த ‘மதராஸ் முறை’யில்தான் படித்தார்கள்.

பணக்காரப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிகளில் இருந்தது வேறு மரபு. 1828இல் ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக வந்த தாமஸ் அர்னால்ட், மேல் வகுப்பு மாணவர்களுக்குக் கீழ் வகுப்பாரைத் தண்டிக்கும் உரிமை வரை கொடுத்தார். மூத்தவருக்கு அதிகாரம் என்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. தாம் படித்த வின்செஸ்டரில் பார்த்ததற்குக் கிறிஸ்தவக் கடமை என்ற முலாம் பூசினார், அவ்வளவே. இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளின் ‘மாணவ முதல்வர்’ பதவியும் அந்தக் குடும்பத்து வாரிசுதான்.

அர்னால்டிடம் படித்த தாமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட ‘டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்’, இளந்தலைவனை வார்க்கும் அச்சாகவே ஆகிவிட்டது. போக்கிரித்தனமாகத் திரியும் டாமிடம் ஆர்தர் என்ற நோஞ்சான் சிறுவன் ஒப்படைக்கப்படுகிறான். அவனைக் காப்பாற்றப் போய் டாம் திருந்துகிறான். எல்லாம் தலைமையாசிரியரின் ஏற்பாடு என்று கடைசியில்தான் தெரிகிறது. ஆக, இந்தப் பள்ளியில் பெரியவர் வெளியே போகவே இல்லை. கதவுக்குப் பின்னால் நிற்கிறார். பிள்ளைகளின் தலைமை என்று ஹியூஸ் கொண்டாடியது உண்மையில் அர்னால்டின் தலைமையைத்தான்.

கிப்ளிங்குக்கு இந்தப் பக்தி பிடிக்கவில்லை. 1899இல் வந்த அவருடைய ஸ்டாக்கி, ஆசிரியர்களையும் சட்டாம்பிள்ளைகளையும் ஏய்ப்பவன். வளர்ந்ததும் எல்லைப்புறத்தில் படை நடத்துகிறான். அவனுக்கு முன்மாதிரியாக இருந்த பள்ளித்தோழர் டன்ஸ்டர்வில்லும் நிஜத்தில் ஜெனரலாகவே ஆனார். குறும்பும் பேரரசுக்கு உதவும் என்பது கிப்ளிங்கின் கணக்கு.

அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டவர் வில்லியம் கோல்டிங். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். சால்ஸ்பரியில் பள்ளி ஆசிரியர். ‘ஈக்களின் தலைவன்’ நாவலைப் பள்ளி நோட்டுகளில், வகுப்பு நேரத்திலும்கூட, எழுதினார். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அது 1954இல் வெளிவந்தது. பாலண்டைனின் ‘பவளத் தீவு’ நாவலிலிருந்து ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களையும் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார். அங்கே பதினெட்டு வயது ஜாக் பிறவித் தலைவன். யாரும் கேள்வி கேட்பதில்லை. கோல்டிங்கின் ஜாக்கோ, நான் தேவாலயப் பாடகர் குழுவின் முதல்வன், ஆகவே நானே தலைவன் என்று பள்ளிப் பதவியைத் தீவிலும் நீட்டுகிறான். கைதூக்கி வாக்களித்துப் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பது ரால்ஃபை.

கட்டம் போடும் ஆய்வாளருக்கு இந்த இடம் கொண்டாட்டம். ரால்ஃப் ஜனநாயகம், ஜாக் சர்வாதிகாரம் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் ஜாக்கிடம் பிள்ளைகள் போவது வெறும் பயத்தால் அல்ல. அவன் இறைச்சி தருகிறான், வேட்டையும் முகச்சாயமும் ஆட்டமும் தருகிறான். ரால்ஃபிடம் இருப்பது தீயை அணையாமல் பார்க்கும் வேலையும் ஓயாத கூட்டங்களும். அயோவாவின் 19 பேர் விரும்பிய முறை, இங்கே உயிருக்கு ஓடுகிறது. முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு: அயோவாவில் தலைவராக நின்றவர்கள் எல்லாருமே பெரியவர்கள். பையன்கள் யாரும் யாரையும் ஆளவில்லை. நாவல்களில் பிள்ளைகளே ஆள்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பேசாத ஆய்வேடு அரைக்கிணறுதான் தாண்டியிருக்கிறது.

1967இல், டல்சா நகரத்துப் பள்ளி மாணவியாக இருந்தபோது எஸ். ஈ. ஹின்டன் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’ வந்தது. அதில் முதல்வர் பதவியும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. பெற்றோரை விபத்தில் இழந்த வீட்டில் இருபது வயது அண்ணன் டேரி, தம்பிகளுக்காகக் கூரை வேலைக்குப் போகிறான். அவனுடைய தலைமை மாதச் செலவிலும் அதட்டலிலும் இருக்கிறது.

சூசன் காலின்ஸின் ‘பசி விளையாட்டு’ வரிசையில் (2008–2010) நாயகி காட்னிஸ் தலைமையைக் கேட்டு வாங்குவதில்லை. புரட்சித் தலைவி காயின் அவளைச் சின்னமாக்கிப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துகிறார். போர் முடிந்ததும் எதிரிகளின் குழந்தைகளை வைத்துக் கடைசியாக ஒரு கொலை விளையாட்டு நடத்தலாமா என்று காயின் வாக்கெடுப்பு வைக்கிறார். முந்தைய கொலை விளையாட்டுகளில் வென்று உயிரோடு எஞ்சிய ஏழு பேரில் நான்கு பேர் ஆம் என்கிறார்கள். காட்னிஸும் அதில் ஒருத்தி. பின்னர் பழைய அதிபருக்குத் தண்டனை நிறைவேற்ற அவள் கையில் வில்லைக் கொடுக்கிறார்கள். அம்பை அவள் காயின் மீது விடுகிறாள்.