சாக்கும் கோணியும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடப்பது படுவான்கரை. கிழக்கே கடலை அடுத்துக் கிடப்பது எழுவான்கரை. படுவான்கரை வயல்களில் விளைந்த நெல் தோணியேறி வாவியைக் கடந்து வந்த காலம் உண்டு. அந்நெல்லைத் தாங்கும் பையை மட்டக்களப்பார் சாக்கு என்பர். மாணவன் கட்டுரையில் அவ்வாறு எழுதினால், "சாக்கு ஆங்கிலச் சொல், கோணி என்று எழுதுக" எனத் திருத்துவாரும் உளர். அத்திருத்தம் பொருந்துமா என்பதை ஆராய்தல் நன்று.

ஆங்கிலேயர் 'சாக்' என்பது அவர்தம் தனிச்சொத்தன்று. இலத்தீனில் 'சக்குஸ்', கிரேக்கத்தில் 'சக்கோஸ்', எபிரேயத்தில் 'சக்' என அது வழங்கிற்று. எகிப்தில் தானியம் கொள்ளச் சென்ற யோசேப்பின் சகோதரர் கொண்டுசென்ற பையும் எபிரேய வேதத்தில் அப்பெயரே பெறும்.

மட்டக்களப்பிலோ ஆங்கிலேயருக்கு முன்னரே பிற ஐரோப்பியர் கால்வைத்தனர். 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் இங்கு வந்திறங்கினார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பையைப் போர்த்துக்கேயர் 'சாக்கு' என்றே ஒலிப்பர். ஒல்லாந்தர் 'ஸக்' என்பர். ஆகவே, ஆங்கிலத்தினின்றே இச்சொல் வந்ததென்று முடிவுகட்டுதல் தகாது.

வந்த சொல்லைத் தமிழ் தன் இலக்கணத்துக்கு அமைத்துக்கொண்டது. வல்லின மெய் தமிழ்ச்சொல்லின் ஈற்றில் நில்லாது. ஆதலின் 'சாக்' என்று முடியாமல், குற்றியலுகரம் பெற்றுச் 'சாக்கு' என நின்றது. போலிக்காரணம் என்னும் பொருளுடைய சாக்கு வேறு. எழுத்தும் ஒலியும் ஒன்றாயினும் பொருளால் அவை இரு சொற்கள்.

இனிக் கோணியை நோக்குவோம். பாணினியின் வடமொழி இலக்கணமும் இச்சொல்லை அறியும். இந்திய மொழிகள் பலவற்றில் வழங்கிய இதனை ஆங்கிலேயர் 'கனி' என்பதுபோல் ஒலித்து, முதலெழுத்தை மட்டும் கங்கை என்பதன் முதலொலிபோல் வன்மை நீக்கிச் சொல்வர். எழுதும்போது உகரத்துக்குரிய எழுத்தை இடுவர், ஒலிப்பதோ அகரம். னகரத்தை இரட்டித்து எழுதுவர், ஒலிப்பதோ ஒன்று. ணகரம் அவர்தம் மொழியில் இல்லாமையால் னகரமாயிற்று. 1855இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் சணல் ஆலை தோன்றியபின், ஊக்ளிக் கரையில் ஆலைகள் பெருகின. அங்கு நெய்த பைகளோடு அச்சொல்லும் உலகத் துறைமுகங்களை அடைந்தது.

அயலிலுள்ள சிங்களத்தில் நெல் நிரப்பும் பை 'கோணிய'. 'சாக்குவ' என்பதோ சட்டைப்பை. ஒரு தீவில், அடுத்தடுத்து வாழும் இரு மக்கள், அதே இரு சொற்களை வெவ்வேறு வகையாய்ப் பங்கிட்டுக்கொண்டனர்.

ஒரு சொல் மேற்கிலிருந்து வந்தது. மற்றொன்று இங்கிருந்து மேற்கே சென்றது. கோணி என்று எழுதுவது பிழையன்று. சாக்கு என்று எழுதுவதும் பிழையன்று. தலைமுறை தலைமுறையாய் உழவன் வாயில் பயின்று, தமிழிலக்கணத்துக்கும் அமைந்துவிட்ட சொல்லை, மாணவன் ஏட்டில் சிவப்பு மையால் அடிப்பதுதான் பிழை.