சைப்ரசின் குருதிக் கணக்கு

பிறந்து சில திங்கள் வரை பிள்ளை அழகாகத்தான் இருக்கும். பின்னர் வெளுக்கும், வயிறு வீங்கும், முகத்தெலும்பு புடைக்கும். பள்ளி செல்லும் பருவம் வருமுன்பே பாடை ஏறும். சைப்ரஸ் தீவின் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு கதறிய காட்சி இது!

1925-ல் அமெரிக்க மருத்துவர் தாமஸ் கூலி இந்நோயைத் தனித்துக் காட்டினார். தலசீமியா என்பது பின்னர் வந்த பெயர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள கூறு வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய். ஒன்றை மட்டும் சுமப்பவர், சுமப்பது தெரியாமலே உழைத்து வாழ்ந்து நரைப்பார். சைப்ரசில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் இத்தகையவர். கணக்கிட்டுப் பாருங்கள்: 49 மணங்களில் ஒன்றில் இருவருமே சுமப்பவர், அவ்வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய்வர நான்கில் ஒரு வாய்ப்பு.

ஏன் இத்தனை பேர்? பாவம் மலிந்த தீவா அது? இல்லை, கொசு மலிந்த தீவு! ஒற்றைக் கூறு உடையவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை. ஆகவே அவர்கள் பிழைத்தனர், பெருகினர். நடுநிலக்கடல் நாடுகளை வைத்து இக்கருத்தை 1949-ல் எழுதிய ஹால்டேன், 1957-ல் இந்தியா வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964-ல் புவனேசுவரத்தில் மறைந்தவர். நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1946-ல் மெகமத் அசீஸ் தலைமையில் கொசுவின்மீது போர் தொடங்கியது. 1950-க்குள் மலேரியா ஒழிந்தது. குருதியில் அது விட்டுச்சென்ற கடன் மட்டும் தீரவில்லை. 1974-ல் தீவு இரண்டாகப் பிளந்தது; கோட்டுக்கு இருபுறமும் அதே கூறு! கிரேக்கன் துருக்கியன் என்று பார்க்க அதற்குக் கண்ணில்லை.

நோயுற்ற பிள்ளைக்கு வாழ்நாளெல்லாம் பிறர் குருதி வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற இரவெல்லாம் தோலடியில் ஊசி. சின்னஞ்சிறு தீவு எத்தனை பிள்ளைகளுக்குக் குருதி திரட்டும்?

1970-களில் மக்களைச் சோதிக்கும் பணி தொடங்கியது. 1983-ல் திருச்சபையே, மணமக்கள் சோதனை செய்து அறிவுரை பெற்றதற்குச் சான்றிதழ் கேட்டது. மணத்தைத் தடுக்கும் சீட்டு அன்று அது. தெரிந்து மணக்கச் செய்யும் சீட்டு. திருச்சபைகளைப் புகழ்வது நம் வழக்கமன்று, இதற்காகப் புகழ்கிறோம். கருக்கலைப்பை ஏற்காத சபை அது என்பதையும் மறைக்கவில்லை. சுமப்போர் இருவர் காதலித்தபோது பெரும்பாலோர் பிரியவில்லை. மணந்தனர், கருவைச் சோதித்தனர், முடிவைத் தாமே எடுத்தனர். சில ஆண்டுகளிலேயே புதிதாக நோயோடு பிறக்கும் பிள்ளைகள் ஏறத்தாழ இல்லையென்றாயினர்.

முன்பே பிறந்துவிட்டவர்களோ? பிழைக்கமாட்டார்கள் எனப்பட்ட அப்பிள்ளைகளுள் பலர், இன்று நரைத்த தலையோடு குருதி ஏற்றிக்கொள்ள மருத்துவமனைக்கு வந்து போகின்றனர்.